குலமும் நட்சத்திரமும்

குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் காலை வெயில் கண்ணைக் கூசுகிறது. பட்டறையில் இரவு ஷிப்ட் முடித்த நாகேந்திரன் இன்னும் குளிக்கவில்லை. அவன் கையில் மனைவி ஹில்டாவின் பிளஸ் டூ கணக்குப் புத்தகம். பக்க ஓரமெல்லாம் அவன் விரல் கிரீஸ். ஹில்டா கண்ணை மூடி நிற்கிறாள். கணக்கில் இரண்டு முறை தோற்றவள். இன்றைய பரீட்சையில் தேறினால்தான் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் தையல் கம்பெனியில் மறுபடியும் பிசிறு வெட்ட வேண்டியதுதான்.

“குலத்துல a நட்சத்திரம் b…” என்று ‘குலங்கள்’ பாடத்திலிருந்து அவன் படிக்கிறான். “நட்சத்திரம் இல்லய்யா, ஸ்டார். கூட்டல் மாதிரி ரெண்டையும் சேக்குற குறி” என்று அவள் திருத்துகிறாள். அவன் கொட்டாவியோடு சொல்கிறான்: “குலம், நட்சத்திரம்னு நம்ம கண்ணாலத்துல பாக்காததெல்லாம் இதுல கேக்குறானுங்கமே.” மாதா கோயிலும் பெருமாள் கோயிலும் ஒப்பாத, பதிவு ஆபீஸ் கல்யாணம் அவர்களுடையது. மூடிய கண்ணோடு அவள் சிரிக்கிறாள். “சரி, குலத்துல சமனின்னா இன்னா?” என்று அவன் அடுத்த கேள்வி கேட்கிறான். சிரிப்பு நின்றுவிடுகிறது. பஸ் வந்துவிடுகிறது. கூட்டம் அவளை உள்ளே தள்ளுகிறது.

பஸ்ஸோடு அவனும் ஓடுகிறான். “ஏய், சமனி!” ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அவள் கத்துகிறாள்: “சமனின்னா e! e நட்சத்திரம் a, a-தான்! அத்தோட சேந்தா எதுவும் மாறாதுய்யா!” நடுரோட்டில் நின்று, வரியில் விரல் வைத்துச் சரிபார்க்கிறான். பஸ் போன பிறகும் தலையாட்டிக்கொண்டே நிற்கிறான்.