மேட்டுத் தெருவுக்கு வந்த ஜீப்

"ஐயோ, என் ஊடு போச்சே! இனி நான் எங்க போவேன்!" என்று வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் பிலோமி.

"பத்தாது. ஜீப்பு சத்தத்துக்கு மேல கேக்கணுமில்ல? இன்னொருக்கா," என்றார் தேவநேசன்.

பிலோமி மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

குன்னூருக்கு மேலே, சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் இருபத்தாறு வீடுகள்தான் மேட்டுத் தெரு. இப்படி நொடித்துப்போன தெருக்களைத் தூக்கிவிட அரசாங்கம் புதிதாக ஒரு மறுசீரமைப்பு முகமையை ஆரம்பித்திருந்தது. இந்த வாரம் ஆள் வந்து பார்ப்பார்கள், எது படுமோசமோ அந்தத் தெருவுக்கே முதல் வேலை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

தேவநேசனுக்கு வேண்டியது ஒரு தடுப்புச் சுவர், அவ்வளவுதான். போன ஐப்பசியில் சரிந்த மண் அவருடைய சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறது. இன்னொரு ஐப்பசி வந்தால் வீடு தங்காது.

முப்பது வருஷம் தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். மேனேஜர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் தொழிலாளர் லைன் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒழுகும் வீட்டுக்காரனைத் தூரத்துத் தேயிலைக் காட்டுக்கு வேலைக்கு அனுப்பி, எல்லாரும் சௌக்கியம் என்று காட்டுவதில் மன்னன். அதே வித்தையைத்தான் இப்போது தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார். ஜன்னல் திரைகள் பெட்டிக்குள் போயின, ரோஜாத் தொட்டிகள் கொல்லைப்புறம் போயின.

"கீழ்த் தெருவுக்கு மட்டும் போன வருசமே சுவரு எப்படிங்க வந்துச்சு?" என்றான் இசக்கிமுத்து. இருமுவதற்காக நியமிக்கப்பட்டிருந்தவன் அவன்.

"அங்க முனிசிபாலிட்டி இன்ஜினியரு வாடகைக்கு இருந்தாரப்பா. அவரு சம்சாரம் படியில வழுக்குச்சு, மறு வாரமே படிக்கு சிமெண்ட்டு, சுவத்துக்குக் கல்லு. நமக்கு யாரு இருக்கா? நம்ம வாய்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, ஜீப் வந்துவிட்டது. முன்னால் முகமையின் புதுப் பெயர்ப்பலகை. இறங்கியவர் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு கைகளைத் தேய்த்த தேய்ப்பிலேயே மலைக்குப் புதியவர் என்று தெரிந்தது. பின்சீட்டில் சால்வைக்குள் ஓர் அம்மாள்.

"வணக்கமுங்க. முகமைக்குப் புதுசா வந்திருக்கற அதிகாரி நான்தானுங்க. இன்னைக்கு வந்தது என்னன்னா..."

அதற்குமேல் அவரைப் பேச விட்டால்தானே? "ஐயோ, என் ஊடு போச்சே!" என்று பிலோமி எடுத்துவிட்டாள். இசக்கிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். அதிகாரி பாவம், பதறிப்போனார்.

"தண்ணி தினமும் வருமுங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"மாசத்துக்கு ஒருக்காங்க. அதுலயும் புழு," என்றார் தேவநேசன். தண்ணீர் நேற்றுதான் வந்திருந்தது.

"வெயிலு விழுமுங்களா? துணி காயுமா?"

"இந்தத் தெருவுல துணி காஞ்சு நாங்க பாத்ததே இல்லீங்க," என்றான் இசக்கிமுத்து.

"பள்ளிக்கூடம் பக்கமுங்களா?"

"பக்கந்தானுங்க," என்றார் தேவநேசன். "போற வழியில காட்டெருமை நிக்கும், அது வழி விட்டாத்தான் புள்ளைங்களுக்குப் படிப்பு."

அதிகாரி பிலோமி வீட்டை ஒட்டிப் பூட்டிக் கிடந்த வீட்டின் கதவருகே போனார். பையிலிருந்து டேப்பை எடுத்து நிலையின் அகலத்தை அளந்தார். தேவநேசன் எட்டி எட்டிப் பார்த்தார். டேப் வெளியே வந்துவிட்டதென்றால் பாதிச் சுவர் எழும்பிய மாதிரிதான்.

"பாத்துங்க சார், சாயாதீங்க! நேத்துத்தான் அந்த ஊட்டுல ஒரு பக்கம் பொலபொலன்னு உதுந்துச்சு!" என்று கூவினார்.

அதிகாரி சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். ஜீப்புக்குத் திரும்பிப் போய் அந்த அம்மாளிடம் குனிந்து ஏதோ சொன்னார். அம்மாள் சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

தேவநேசனுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடினார்.

"சார், மொத லிஸ்ட்டுல எங்க தெரு வந்துருமுங்களா?"

"லிஸ்ட்டுக்கு வெள்ளிக்கிழமை எங்க சர்வே ஆளுங்க வருவாங்க," என்றபடி அவர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"நான் குடிவர ஊடு பாக்கத்தானுங்க வந்தேன்."