ஆட்டுக்குட்டி இல்லாத தாள்

வாசிப்புத் திறனைச் சோதிக்க வந்த மதிப்பீட்டாளர் நீட்டிய தாளின் மேல் ஜன்னல் வெயில் சதுரமாக விழுந்திருக்கிறது. இரண்டாம் வகுப்புச் சிறுமி முதல் வரிக்கடியில் விரலை வைத்துக்கொண்டு கடகடவென்று வாசிக்கிறாள்: ஆட்டுக்குட்டி காட்டுக்குப் போகிறது, வழி தவறுகிறது, அழுகிறது. விரலும் வரிவரியாக நகர்கிறது. மதிப்பீட்டாளருக்குப் பின்னால் நிற்கும் டீச்சரின் உதடுகள் அவளோடு சேர்ந்து சத்தமில்லாமல் அசைகின்றன. "பாப்பா, இது படகுக்காரன் கதை. இதுல ஆட்டுக்குட்டி எங்கம்மா இருக்கு?" என்கிறார் மதிப்பீட்டாளர். போன வருடம் சோதனைக்கு வந்தது ஆட்டுக்குட்டிக் கதை; இந்த வருடம் கதையை மாற்றிவிட்டார்கள். டீச்சருக்கே இப்போதுதான் தெரிகிறது. உதடுகள் நின்றுவிடுகின்றன. சிறுமி டீச்சரை நிமிர்ந்து பார்க்கிறாள். ஒரு வாரமாகச் சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கதையை உருப்போட வைத்தவர் அவர்தான். காலையில்கூடக் காலரைச் சரிசெய்து, "என் தங்கம், நீதான் முதல்ல போகணும்" என்றவர். இப்போது கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். "இவ எப்பவுமே இப்படித்தான் சார். தாளைப் பார்க்கவே மாட்டா, வாய்க்கு வந்ததைச் சொல்லுவா." பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். சிறுமி வாயைத் திறக்கிறாள், மூடிக்கொள்கிறாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று டீச்சர் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள்.