சட்டைப் பைக்கு வராத போன்

கோபித்துக்கொண்டு போய் இரண்டு மாதம் அக்கா வீட்டில் இருந்தவள், திரும்பி வந்த கையோடு சமாதானத்துக்காகக் கணவருக்கு ஒரு புதுப் போன் வாங்கித் தந்தாள்.

“ஒயரைச் செருகவே வேண்டாங்க. பின்னாடி காந்தம் இருக்கு. சார்ஜர்கிட்ட கொண்டு போனா தானா ஒட்டிக்கும். கார்டு வைக்கிற பர்ஸும் அப்படித்தான்,” என்று ஒட்டிக் காட்டினாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றவர், அதை எட்ட இருந்த மேசையில் வைத்தார். மூன்று நாளாகியும் போன் அங்கேயே கிடந்தது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. “பழைய போனைச் சட்டைப் பையிலயே வெச்சுட்டுத் திரிஞ்சீங்க. நான் வாங்கிக் கொடுத்தது மட்டும் கசக்குதா? இன்னும் கோபம் தீரலையா?”

அவர் சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். இடது தோளுக்குக் கீழே விரல் நீளத்துக்குத் தழும்பு. அதனடியில் தோல் புடைத்திருந்தது.

“பேஸ்மேக்கர். இதயத் துடிப்பு ரொம்பக் குறைஞ்சுடுச்சுன்னு வெச்சாங்க. காந்தம் நெஞ்சுப் பக்கம் வரக் கூடாதாம்.”

“எப்போ?”

“நீ போன மறுவாரம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?”

“ஆபரேஷனுக்கு முன்னாடி ஏழு தடவை கூப்பிட்டேம்மா.”

அந்த ஏழு அழைப்புகளும் அவளுக்கு நினைவிருந்தன. ‘நல்லாக் கெஞ்சட்டும்’ என்று அக்காவிடம் சிரித்தபடி, ஒவ்வொன்றையும் துண்டித்தவள் அவள்தான்.