ரெண்டு நாள் வேலை

ஏரிக்கரை நடைபாதையில் ஒரு சிமெண்ட் சிலாப் உடைந்து, முழங்கால் ஆழத்துக்குக் குழி விழுந்துவிட்டது. தினமும் அங்கே நடக்க வரும் தணிகாசலம், யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று அதில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டுவிட்டுப் போனார்.

"ரெண்டு நாள் வேலைதான் அண்ணே. உங்களை மூடினதும் நான் கிளம்பிடுவேன்" என்றது கொம்பு.

"சரி தம்பி" என்றது குழி.

கொம்பு விறைப்பாக நின்றது. வந்தவர்களெல்லாம் "யாராவது புகார் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே சுற்றிப் போனார்கள். மழை பெய்தது. கொம்பு, சொல்லவே கூச்சப்பட்டுக்கொண்டு, வேர் விட்டது. அப்புறம் தழைத்தது, காய்த்தது. நடக்க வருகிறவர்கள் கையில் பை முளைத்தது.

ஒருநாள் ஜல்லி, சிமெண்டோடு ஆட்கள் வந்தார்கள். "வர்றேன் அண்ணே" என்று முருங்கை கண்கலங்கியது.

"கீரை குடுக்கிற மரத்தையா வெட்டுவீங்க?" என்று தணிகாசலமே குறுக்கே நின்றார். வந்த ஆட்கள் சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள்.

அடுத்த மாதம் முருங்கையின் வேர் நெம்பி, பக்கத்துச் சிலாப்பும் உடைந்தது. தணிகாசலம் அதே மரத்தில் ஒரு கொம்பை வெட்டிப் புதுக் குழியில் நட்டார்.

"ரெண்டு நாள் வேலைதான்" என்றது புதுக் கொம்பு.

பழைய குழி முருங்கையைப் பார்த்தது. முருங்கை ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டது.