எழுதுவதற்கு ஒரு காயம்

“அடிடி,” என்றாள் ஜீவராணி அக்கா.

பஸ் நிலையக் கழிவறைக்குப் பின்னால் நாங்கள் இருவர் மட்டும்தான் நின்றோம். மூக்குத்தியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, கன்னத்தைக் காட்டினாள்.

அப்போதுதான் பொலிஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்திருந்தோம்.

பெண்கள் பிரிவில் இருந்த பெண் அதிகாரியை எல்லோரும் நோனா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்கா சொல்லச் சொல்ல நான்தான் சிங்களத்தில் சொன்னேன்.

இரவில் வேண்டாம் என்று அழுதாலும் மச்சான் விடுவதில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் விடுவதில்லை. கரு கலைந்த வாரத்திலும் விடவில்லை.

மேசையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

நோனா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு பேனாவை மூடினார். கோர்ட் பிரித்துவைத்த பிறகு செய்தால் அது குற்றம். சேர்ந்து வாழும் புருஷன் என்றால் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றார். அடித்த காயம் இருந்தால் எழுதலாம். அவன் கிட்டே வராதபடி உத்தரவு கேட்கலாம்.

காயம் ஏதும் உண்டா என்று நான் அக்காவிடம் கேட்டேன்.

“அவரு கைநீட்ட மாட்டாரே. லயத்துல அக்கம்பக்கத்துல கேட்டுப்பாரு, தங்கமான மனுசன்னுவாங்க.”

போன மாதம் அவள் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். அம்மாவே திரும்பக் கூட்டிப்போய் விட்டுவந்தார்.

பின்னேரம் மச்சான் தொழிற்சாலையிலிருந்து வந்துவிடுவார்.

என் கை எழவில்லை. சின்ன வயதில் அப்பா என்னை அடிக்க வந்தால் குறுக்கே வந்து விழுகிறவள் அக்கா.

“கண்ண மூடிக்கிட்டு அடி. ஏதோ தோட்டத்துல மேயுற மாட்ட அடிக்கிறதா நெனச்சுக்க.”

மூடிக்கொண்டு அடித்தேன்.

“இது ஈ ஓட்டுற அடி.”

மறுபடி அடித்தேன். அதற்கு அடுத்த அடியில் உதடு கிழிந்தது.

அக்கா விரலால் தொட்டுப் பார்த்தாள். இரத்தத்தைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பிப் போனோம். இன்று காலை மச்சான் அடித்தார் என்று நான் சொன்னேன்.

நோனா அக்காவின் உதட்டைப் பார்த்தார். பிறகு என் வலது உள்ளங்கையைப் பார்த்தார். அதை மடியில் ஒளித்தேன்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து பேனாவைத் திறந்தார்.

பின்பக்கம் குழாய் இருக்கிறது, கொஞ்ச நேரம் கையைத் தண்ணீரில் காட்டினால் சிவப்பு போய்விடும் என்றார்.

முன்பு வந்தவர்களுக்கும் அப்படித்தான் போனதாம்.