கருகிய நுனி

கேமராவுக்குள் போடும்போதே ஃபிலிம் சுருளின் நுனி வெளிச்சம் பட்டுக் கருகிவிட்டது. மூடியைச் சாத்திய பிறகும் ஃபிலிமுக்கு நடுக்கம் நிற்கவில்லை.

“நீ திறந்தா அந்த வெளிச்சம் மறுபடியும் உள்ளே வருமா?” என்று ஷட்டரிடம் கேட்டது.

“வரும். கண் இமைக்கிற நேரம்தான், அதுக்குள்ள சாத்திடுவேன். வெளியே ஒரு அம்மாவும் மகளும் நிக்கிறாங்க. மகள் நாளைக்குக் கப்பல் ஏறப் போறா.”

“நுனிக்கே இந்தக் கதின்னா, உடம்பு என்னாகும்?”

ஷட்டர் பதில் சொல்வதற்குள், தன்னை இழுத்துச் சுற்றும் உருளையின் பிடியிலிருந்து ஃபிலிம் மெல்ல நழுவிக்கொண்டது. உருளை வெறுமனே சுற்றியது. ஷட்டர் முப்பத்தாறு முறை திறந்து மூடியது. முப்பத்தாறு முறையும் வெளிச்சம் கருகிய நுனியிலேயே விழுந்தது. மீதி ஃபிலிம் டப்பாவுக்குள் மூச்சைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தது.

கப்பல் போன மறுவாரம் ஸ்டூடியோக்காரர் ஃபிலிமைக் கழுவிக் கொடியில் மாட்டினார். அம்மா வந்து அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கருகிய நுனியைத் தவிர, முழுச் சுருளும் கண்ணாடி போல வெறுமையாக இருந்தது.

“இதுல என் பொண்ணு எங்கே?”

ஃபிலிம் பயந்த வெளிச்சமெல்லாம் இப்போது அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு முகத்திலும் தட்டாமல்.