விட்டுக்கொடுத்த தாய்

கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை கடுத்தது. மைக் அவள் பக்கம் வரவே இல்லை.

திண்டுக்கல் கல்யாண மண்டபத்தில் டி.வி. விவாதம். கேஸ் மானியம் தேவையா, தேவையில்லையா?

மேடையில் இரண்டு கட்சிக்காரர்கள். யார் ஆட்சியில் விலை ஏறியது என்று ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டினார்கள். இருவரில் ஒருவரும் சொந்தக் கையால் சிலிண்டர் பதிந்தவராகத் தெரியவில்லை.

அவளுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

போனில் சிலிண்டர் பதியும்போது, அவசரத்தில் ஒரு எண்ணுக்கு இன்னொன்றை அழுத்திவிட்டாள். மானியத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்பதற்கான எண்ணாம் அது.

அன்றோடு மானியம் நின்றது. ராத்திரி அடுப்பும் நின்றது. காலையில் வடித்த சோறுதான் பிள்ளைகளுக்கு இரண்டு வேளையும்.

ஏஜென்சிக்கு நாலு தடவை நடந்தாள். நீங்களாக விட்டுக்கொடுத்தது, நாங்கள் என்ன செய்ய என்று ஜன்னல் வழியாகவே அனுப்பிவிட்டார்கள்.

ஒருவழியாக மைக் வந்தது.

"ஐயா, மானியத்த நான் விட்டுக்கொடுத்துட்டேன்னு..."

"பாத்தீங்களா?" என்றார் ஆளுங்கட்சிக்காரர். "ஒரு ஏழைத் தாய் விட்டுக்கொடுத்திருக்காங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

கைதட்டல். அவள் சொன்ன மிச்சம் அதில் அமுங்கிப்போயிற்று. மைக் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

அவர் இறங்கி வந்தார். தமக்குப் போட்ட பொன்னாடையை அவள் தோளில் போட்டார். போட்டோ சரியாக விழவில்லை என்று எடுத்து இன்னொரு தரமும் போட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் பார்க்க, வாய் வரவில்லை.

கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மனு எழுதி எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போனாள்.

ஜன்னலில் இருந்தவர் அவளைக் கண்டதும் எழுந்து வெளியே வந்தார். உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். டீ வந்தது.

"டி.வி.யில பாத்தேன்க்கா. நம்ம ஏஜென்சிக்கே பெருமை. சொல்லுங்கக்கா, என்ன வேணும்?"

டீயைப் பாதி குடித்தாள். மனுவை மேஜைமேல் வைத்தாள்.

அவர் படித்தார். முதல் வரியைத் திரும்பவும் படித்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மனுவை மடித்து அவள் பக்கமே நகர்த்திவிட்டு, எழுந்து போய் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டார்.

"வரிசையில வாங்கம்மா."